கூடிக்கொண்டே போகும் அடுப்புகள்

வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள்தான் என்றாகிவிட்ட தமிழ்நாட்டில், வாடகை மட்டும் ஏன் இப்படி ஏறுகிறது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இதற்குப் பாதி விடை இருக்கிறது. 2001க்கும் 2011க்கும் இடையில் நம் மாநில மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. அதே பத்தாண்டில் குடும்பங்களின் எண்ணிக்கை 1 கோடியே 42 லட்சத்திலிருந்து 1 கோடியே 85 லட்சமானது. ஏறக்குறைய 30 சதவீத உயர்வு. ஆட்கள் பெருகியதைப் போல இரு மடங்கு வேகத்தில் அடுப்புகள் பெருகியிருக்கின்றன.

கல்யாணமானதும் தனிக்குடித்தனம். பிள்ளை சென்னை வேளச்சேரியில், பெற்றோர் தஞ்சாவூரில். ஒரே கூரையின் கீழ் இருந்திருக்க வேண்டிய ஐந்து பேருக்கு இப்போது இரண்டு வீடு, சில சமயம் மூன்று வீடு வேண்டியிருக்கிறது. அந்த வீடும் வேலை இருக்கும் ஊரிலேயே வேண்டும். வேலையோ பழைய மாமல்லபுரம் சாலையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் குவிந்து கிடக்கிறது. அந்த வட்டாரத்து வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் ஆலையை ஒட்டிய விடுதியில் கிடைப்பது வேலை உள்ளவரைக்குமான இடம். அந்தப் பெண்ணுக்கு நாளை குடும்பம் என்று ஒன்று அமைந்தால், அவள் சம்பளத்துக்குள் ஒரு வீடு வேண்டாமா?

விடுதிப் பெண்ணுக்கு வேலையருகே இடம் உண்டு, வீடு இல்லை; நகரத்து ஏழைகளுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கிய காலத்தில், குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. பிறகு நகரத்தில் நிலம் பொன்னானது. சென்னையில் ஆற்றங்கரையில் இருந்தவர்கள் தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். வீடு கிடைத்தது, வேலை தூரமானது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவருக்கு அந்த நாலு வீடும் நடக்கும் தூரத்தில் இருந்தால்தான் கட்டுபடியாகும்.

நம் அரசுகள் சொந்த வீட்டைப் பற்றிப் பேசிய அளவுக்கு வாடகை வீட்டைப் பற்றிப் பேசியதில்லை. 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ஆனால் இன்றும் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கிறார்கள். கொடுக்க முடியாதவர் வட்டிக்கு வாங்குகிறார். தனியாக வரும் பெண்ணிடமும் துணையில்லாத முதியவரிடமும், "குடும்பத்துக்குத்தான் தருவோம்" என்கிறார்கள். சாதியும் மதமும் விசாரித்துக் கதவை மூடுபவர்களைப் பற்றி என்ன சொல்ல? அது அநியாயம்.

வீட்டுக்காரர்கள் எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. மாடிப் போர்ஷன் வாடகையே பென்ஷனாக இருக்கும் முதியவர்கள் ஏராளம். "குடிவந்தவர் காலி செய்யாவிட்டால்?" என்ற பயத்தில் பூட்டி வைப்பவர்களும் உண்டு. இந்திய நகரங்களில் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடப்பதாக 2011 கணக்கெடுப்பு சொன்னது. அதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

அந்த வாடகைச் சட்டம் இரு தரப்புக்கும் வாடகை அதிகாரியையும் வாடகை நீதிமன்றத்தையும் தந்திருக்கிறது. ஆகவே, வாய்ப்பேச்சோடு குடிபோகாதீர்கள். ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திரும்ப வரும் என்பதை அதில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.