இரத்தம் பார்க்கிற அன்றைக்கு ஒரு பேர் போகும்

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



கர்ப்பமானால் மூணு மாசம் வரைக்கும் வெளியே சொல்லக் கூடாது, கண்ணு பட்டுரும் என்று நம்ம லயங்களில் சொல்வார்கள். அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டாம், சரி. மருத்துவமாதுவிடம் சொல்லிவிடுங்கள். எட்டு வாரத்துக்குள் பதியச் சொல்வது இரத்தத்தை நேரத்தோடு பார்க்கத்தான்.

கிளினிக் போனால் ஒரு பேர் போகுது என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அன்றைக்குப் பார்ப்பது பிள்ளையின் ஆயுசுக்கும் சேர்த்து.

முதலில் ஹீமோகுளோபின். 11க்குக் குறைந்தால் இரத்தசோகை. கூடையோடு மலை ஏறுகிற உங்களுக்குக் களைப்பு பழகிப்போச்சு. வயிற்றில் இருக்கிற பிள்ளை, பிறந்த பிறகு முதல் மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்தைக் கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து அதிகமாகச் சேர்க்கிறது. தாயிடமே இல்லையென்றால் எங்கே சேர்ப்பது? எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறையலாம். பின்னாலே பள்ளிக்கூடத்தில் கவனம் நிற்காமல் போகலாம். கொடுக்கிற இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். நாம் பறித்த கொழுந்துதான், என்ன செய்வது! ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள்.

அடுத்தது இரத்த வகை. தாய் நெகட்டிவ், பிள்ளை பொசிட்டிவ் என்றால் முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளைக்குக் கடும் மஞ்சள் காமாலை வந்து மூளையும் காதும் கெடலாம். முதல் பிரசவம் முடிந்து 72 மணித்தியாலத்துக்குள் ஒரு ஊசி போட்டால் தடுக்கலாம். வகை தெரியாவிட்டால் யாருக்கு ஊசி போடுவது?

இனி ஆண்கள் கேளுங்கள். சிபிலிஸ் என்ற மேகநோயையும் எயிட்ஸ் கிருமியையும் அதே இரத்தத்தில் பார்க்கிறார்கள். "என் சம்சாரத்தைச் சந்தேகப்படுறீங்களா" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. யாரையும் சந்தேகப்படவில்லை, கொழும்பில் இருக்கிற பெரிய வீட்டு அம்மாவுக்கும் இதேதான் பார்க்கிறார்கள். சிபிலிஸ் இருந்து வைத்தியம் செய்யாவிட்டால் பிள்ளை வயிற்றிலேயே சாகலாம், கண், காது, எலும்பு பழுதாகலாம். நேரத்தோடு பென்சிலின் போட்டால் பிள்ளையைக் காப்பாற்றலாம். ஆனால் புருஷனும் வந்து இரத்தம் பார்த்து வைத்தியம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குத் திரும்பத் தொற்றும். தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்தது. நம்ம தாய்மாரும் கை நீட்டியதால் வந்த பேர் அது.

சீனியும் பார்ப்பார்கள். அது கூடினால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும், வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்கும் சீனி வியாதி வர இடமுண்டு.

ஸ்கேன் பிள்ளைக்குக் கெடுதியா என்று போன கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டார். எக்ஸ்ரே வேறு, இது வேறு. இது காதுக்குக் கேட்காத சத்தத்தால் எடுக்கிற படம், தேவைக்கு எடுப்பதால் கெடுதி இல்லை. எடுக்கிற இரத்தமும் சின்னக் குழாய்களில் கொஞ்சம்தான், அதனால் பலவீனம் வராது.

முடிவுகளை எழுதிய கிளினிக் அட்டையை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, நடுராத்திரி லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். ஏழாம் மாசத்திலிருந்து அது பிள்ளைத் துணிப் பையிலேயே இருக்கட்டும். இங்கே கேட்க வெட்கமானால் டிஸ்பென்சரிப் பக்கம் வாருங்கள்.