கடைத்தெரு எப்போது ஊரானது?

(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





"நம் முன்னோரின் வணிகம்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் மரக்கலத்தில் ஆரம்பித்து, சூலியா வணிகர்களைச் சொல்லி, தெலுக் ஆயர் கடற்கரையில் வந்து நிற்பது வழக்கம். சொல்ல வேண்டியதுதான். ராஃபிள்ஸ் இங்கு வந்தது 1819-இல். 1826-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலுக்கு இடம் பிடித்துவிட்டார்கள் நம்மவர்கள். அடுத்த ஆண்டே தெலுக் ஆயர் தெருவில் ஓலைக் குடிசையாக ஒரு பள்ளி. அதனால்தான் அல்-அப்ரார் பள்ளிவாசலுக்குக் குச்சுப் பள்ளி என்று இன்றும் பெயர். 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்கா. வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று. 1887-இல் மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' என்ற வாரப் பத்திரிகையே நடத்தினார். இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் நான் பேச விரும்புவது வேறு ஒரு கேள்வி. கடைகள் இருந்தன, பள்ளிவாசல்கள் இருந்தன, பத்திரிகை இருந்தது. அப்படியானால் அப்போதே நமக்கு இங்கே ஓர் ஊர் இருந்ததா?

என் வாப்பா டன்லப் ஸ்திரீட்டில் கடை வைத்திருந்தார். இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து சபர் வந்தவர். அப்துல் கபூர் பள்ளிவாசலின் பாங்கு கேட்கும் தூரத்தில் கடை. அந்தப் பள்ளிவாசலைப் பார்த்தாலே நம் வணிகத்தின் போக்கு விளங்கும். பழைய மரப் பள்ளியைச் சுற்றியிருந்த நிலத்தில் கடைவீடுகள் கட்டி, அந்த வாடகையைக் கொண்டு 1907 முதல் இப்போதைய கட்டடத்தை எழுப்பினார்கள். முன்னின்றவர் ஷெய்கு அப்துல் கபூர் அவர்கள், ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். வாசலுக்கு மேலே சூரியன்போல ஒரு வட்டம், இருபத்தைந்து கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர். சிறுவயதில் ஜும்ஆவுக்குப் போகும்போதெல்லாம் அதை எண்ணிப் பார்ப்பேன்.

வாப்பாவின் கடை பெரிய கடை இல்லை. முன்பக்கம் அஞ்சடியில் மிளகாய், மல்லி, மஞ்சள் சாக்குகள் வாய் திறந்து நிற்கும். உள்ளே பால் டின், கைலி, சாம்பிராணி, தலைவலித் தைலம். மாடியில் எட்டுப் பேர் படுக்கை. அஞ்சடி என்று ஏன் பெயர் என்று பேரன் கேட்டான். நகரத்தைத் திட்டமிட்டபோது ஒவ்வொரு கடைவீட்டுக்கு முன்னாலும் மக்கள் நடக்கக் கூரையோடு வழி விட வேண்டும் என்று ராஃபிள்ஸ் 1822-இல் விதித்தார். அது ஐந்தடி அகலம். நடப்பதற்கு விட்ட வழியில் நாம் கடை போட்டோம் என்பது வேறு விஷயம்!

அந்தக் கடை வியாபாரம் மட்டும் செய்யவில்லை. பக்கத்தில் வேலை செய்த பத்து முப்பது பேருக்கு அதுதான் தபால் முகவரி. கடிதம் வந்தால் கல்லாவுக்குப் பின்னால் கம்பியில் செருகி வைப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, மணியார்டர் பாரம் நிரப்ப, அடையாள அட்டைக்கு மனு எழுத, வேலை கேட்டு வருகிறவரை யாரிடமாவது சேர்த்துவிட, எல்லாம் அங்கேதான். காலையில் ஒருவர் 'தமிழ் முரசு' வாசிப்பார், எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். யாராவது மௌத்தாகிவிட்டால் கபன் துணியிலிருந்து குழி வெட்டும் செலவுவரை கடைக்குக் கடை வசூல் நடக்கும். நம் சங்கத்தின் ஜனாஸா உதவி நிதிக்கு வேர் எங்கே என்று யாராவது தேடினால் அந்தக் கல்லாப் பெட்டியில்தான் தேட வேண்டும்.

கடனுக்கு ஒரு குட்டிப் புத்தகம் உண்டு. அட்டையில் 555 என்று போட்டிருக்கும். மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட அதை 'தீகா லீமா' என்பார்கள். மூன்று ஐந்து. வாடிக்கையாளர் கையில் ஒன்று, கடையில் ஒன்று. சம்பள நாளன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டுவார்கள். இரண்டு கூட்டலும் ஒத்துப்போகாத நாளில் வாப்பா வாடிக்கையாளரின் புத்தகத்தையே எடுத்துக்கொள்வார். அவர் நல்லவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மூன்று காசுக்குச் சண்டை போட்டால் அடுத்த மாதம் அந்த ஆள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அதுதான் கணக்கு.

இத்தனையும் இருந்தது. இல்லாதது என்ன? பெண்கள் இல்லை. பிள்ளைகள் இல்லை. எட்டுப் பேரும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை போய் நாலு மாதம் இருந்துவிட்டு வருவார்கள். மனைவி சொல்லச் சொல்ல ஊரில் ஒரு பையன் கடிதம் எழுதுவான். இங்கே எழுத்துத் தெரிந்த ஒருவர் அதை வாசித்துக் காட்டுவார். கணவன் மனைவி பேச்சு நாலு பேர் காது வழியாகத்தான் போய்ச் சேரும். அதனால் எல்லாக் கடிதத்திலும் "யாவரும் நலம்" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. சம்பாதித்த காசு எல்லாம் கப்பலேறி ஊரில் வீடாகவும் பள்ளிவாசல் மினாராவாகவும் மதரஸாவாகவும் எழுந்தது. குறை சொல்லவில்லை, அவர்கள் மனம் இருந்த இடத்தில் காசும் இருந்தது. ஆனால் டன்லப் ஸ்திரீட் அவர்களுக்குக் கடைத்தெருதான். ஊர் வேறெங்கோ இருந்தது.

வாப்பா குடியுரிமை எடுத்த பிறகு, 1964-இல் உம்மாவும் நானும் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தோம். 1926-இல் கட்டிய கப்பல். 1973 வரை நம்மவர்களை ஏற்றி இறக்கிய கப்பல். இந்த அரங்கில் பாதிப் பேரின் குடும்பம் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்ததாகத்தான் இருக்கும். வந்த மாதமே வாப்பா எங்களைத் தஞ்சோங் பகாருக்கு அழைத்துப் போனார், தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம். தெருமுனையில் கால் வைத்ததும் உம்மா நின்றுவிட்டார். பெண்கள் தெருவில் நின்று உரக்கத் தமிழ் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவும் அசல் நெல்லைத் தமிழ். "இது என்ன, நம்ம ஊரு மாதிரில்ல இருக்கு" என்றார் உம்மா. வந்து மூன்று வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அவர்கள் கடையநல்லூர்க்காரர்கள். தென்காசிக்காரர்களும் இருந்தார்கள். நெசவு செய்து பிழைத்த மக்கள், தறியில் வருமானம் போனபின் கப்பலேறியவர்கள். கடற்கரை ஊர்களின் வணிகர்களைப்போல முதல் வைத்துக் கடை திறக்க வழியில்லை. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் கூலி வேலை, தள்ளுவண்டியில் சாப்பாடு, தேநீர், தோசை. ஆனால் ஒரு விஷயத்தில் நம் எல்லோரையும் முந்திக்கொண்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டி வந்தார்கள்.

வந்த பெண்கள் வீட்டில் உட்காரவில்லை, அம்மியில் உட்கார்ந்தார்கள். விடியுமுன் மிளகாய், மஞ்சள், மல்லி, சீரகம், இஞ்சி பூண்டு என்று தனித்தனியாக அரைத்து, வழித்து எடுத்து, சந்தைக்கும் வீட்டு வாசல்களுக்கும் கொண்டு போனார்கள். வாங்க வருகிறவர் மலாய்ப் பெண்ணாக இருக்கலாம், பெரனாக்கான் வீட்டுச் சமையல்காரராக இருக்கலாம், தமிழராக இருக்கலாம். இரண்டே கேள்வி: மீனா கோழியா? எத்தனை பேருக்கு? அதற்கேற்ப ஒவ்வொரு குவியலிலிருந்தும் கையால் அள்ளி இலையில் வைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். மலாய்க் குழம்புக்கு ஒரு கை, நம் ஆணத்துக்கு வேறு கை. இத்தனை இனத்தாரின் நாக்கை மனப்பாடமாக அறிந்து வைத்திருந்த வணிகர் இந்த நகரத்தில் வேறு யார்? மிளகாய் எரிச்சல் அடங்க இரவில் அரிசி களைந்த தண்ணீரில் கையை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியை அந்தக் கல்யாண வீட்டில் பார்த்தேன். அவரிடம் 555 புத்தகம் கிடையாது. சுவரில் கரிக்கோடு போட்டிருந்தார். எந்தக் கோடு யாருடையது என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜப்பானியர் வந்துவிட்டார்கள். 1945-இல் போர் முடிந்தது. 1946-இல், அரிசிக்கே பங்கீடு இருந்த காலத்தில், அவர்கள் தஞ்சோங் பகாரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரை வைத்தார்கள். 1960-இல் அது உயர்நிலைப் பள்ளியானது. சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி அதுதான். கூலிக்காரர்களும் மசாலா அரைத்தவர்களும் நடத்திய பள்ளி!

கடற்கரை ஊர்க்காரர்களிடம் அதைவிடப் பணம் இருந்தது. ஆனால் பிள்ளைகள் அக்கரையில் இருந்ததால் இக்கரையில் பள்ளிக்கூடம் யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கடை வைத்ததால் மட்டும் ஓர் இடம் ஊராகிவிடுவதில்லை. தஞ்சோங் பகாரில் பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள், பள்ளிக்கூடம் வந்தது. அதற்குப் பிறகுதான் அது ஊர்.

இந்த வேறுபாடு பின்னால் வாழ்க்கையையே தீர்மானித்தது. 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இந்தியர்கள் பதிந்துகொள்ளுங்கள் என்று கோ. சாரங்கபாணி அவர்கள் முரசில் விடாமல் எழுதினார். குடும்பத்தோடு இருந்தவர்களுக்கு அதில் யோசிக்க அதிகம் இருக்கவில்லை. எங்கள் மாடியில் இருந்த எட்டுப் பேரில் பலர் "அடுத்த வருஷம் ஊருக்குத்தானே போகப் போகிறோம்" என்று விட்டுவிட்டார்கள். 1965-க்குப் பின் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதி வேண்டும் என்றானது. 1971-இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின, படைத்தளத்தை நம்பிய வேலைகளும் போயின. மாடியில் படுக்கைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. முப்பது ஆண்டு இங்கே உழைத்தவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறியதை நான் பார்த்திருக்கிறேன். அவரை வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் கடைக்காரர்கள். உறவுக்காரர் ஒருவர்கூட இல்லை.

தஞ்சோங் பகாரும் நிலைக்கவில்லை. பழைய வீடுகள் இடிபட்டன, குடும்பங்கள் வீவக பேட்டைகளுக்குச் சிதறின. உமறுப்புலவர் பள்ளி 1982-இல் மூடியது. மறு ஆண்டு தொடங்கிய தமிழ் மொழி நிலையம் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. இன்று அது சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் பீட்டி சாலையில் இருக்கிறது. அஞ்சடிக் கடை புளோக்குகளின் கீழே போய் 'மாமா கடை' ஆனது. சீனக் குழந்தையும் மலாய்க் குழந்தையும் நம் தமிழ் உறவுச் சொல்லை வைத்து மிட்டாய் கேட்டது. அந்த மாமா கடைகளும் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. நம் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். அதற்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை. காலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணிவரை கல்லாவில் உட்கார்ந்தவரின் மகன் நான். அந்த முதுகுவலி எனக்குத் தெரியும்.

இப்போது மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்துக்குக் கோழிச்சோறு சாப்பிட வரிசையில் நிற்கிறார்களே, அதன் முகவரி என்ன தெரியுமா? எண் 1, கடையநல்லூர் ஸ்திரீட். ஊரே தெருப்பெயராக நிற்கிறது. அதில் நடந்தவர்களின் பெயர்தான் இல்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் இந்தப் பொன்விழா மலர்தான். மலர்க் குழுவினர் எனக்குப் பழைய படங்களைக் காட்டினார்கள். தலைவர்கள், செயலாளர்கள், கொடையாளர்கள், கடைத் திறப்பு விழாக்கள். அருமையான படங்கள். ஐம்பது ஆண்டுப் படங்களில் பெண்கள் இருப்பவை நான்கு. அவற்றில் மூன்றில் சாப்பாடு பரிமாறுகிறார்கள். பழைய உறுப்பினர் பதிவேட்டையும் புரட்டினேன். "இன்னாரின் மனைவி" என்று இருக்கிறது, பெயர் இல்லை. அந்தக் கரிக்கோட்டுப் பாட்டியின் பெயரை நானும் அன்று கேட்டுக்கொள்ளவில்லை, எல்லோரும் அவரை மசாலாப் பாட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய பேத்தியோ பேரனோ இந்த அரங்கில் இருக்கக்கூடும்.

ஆகவே செயலவையிடம் கேட்டு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வாசலில் இருக்கும் மேசையில் படிவம் வைத்திருக்கிறோம். வீட்டில் பழைய பேரேடு, 555 புத்தகம், ரஜூலா டிக்கெட், உமறுப்புலவர் பள்ளித் தேர்ச்சி அட்டை எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். ஒரு சாமானும் இல்லையென்றாலும் பரவாயில்லை, படிவத்தை மட்டும் நிரப்புங்கள். கடை வைத்தவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள், அந்தக் கடைக்குச் சோறு அனுப்பியவர் பெயரை இரண்டாவது வரியில் எழுதுங்கள். 'தொழில்' என்ற கட்டத்தில் தயவுசெய்து 'இல்லத்தரசி' என்று எழுதிவிட வேண்டாம். என்ன அரைத்தார், எந்தச் சந்தையில் விற்றார், யாருக்குக் கடன் கொடுத்தார், எத்தனை பிள்ளையைப் படிக்க வைத்தார் என்று எழுதுங்கள். இடம் போதாவிட்டால் பின்பக்கமும் இருக்கிறது.

வஸ்ஸலாம்.