தோட்டத்து நாவலுக்குச் சான்று தேடுவோம்

(ஈப்போவில் மாணவர்களிடம் ஆற்றிய உரை)



நான் வழக்கறிஞர். சான்று இல்லாமல் நீதிமன்றத்தில் நான் பேசினால் எடுபடாது. இலக்கிய ஆய்வுக் கட்டுரையும் அப்படித்தான்.

1942, 43-இல் நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஆட்களைப் பிடித்துப் போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆர். சண்முகம் அதை ‘சயாம் மரண ரயில்’ நாவலாக எழுதினார். அதை ஆராயும் நீங்கள், “பாட்டி சொன்னார்” என்பதோடு நிறுத்தினால் வெளியார் நம்ப மாட்டார்கள். பல லயங்களும் இன்று இல்லை, காட்டுவதற்கு.

எங்கே தேடுவது? இராம சுப்பையாவின் ‘தமிழ் மலேசியானா’ நூற்பட்டியலில் தொடங்குங்கள். 1966 கோலாலம்பூர் உலகத் தமிழ் மாநாட்டுக் கட்டுரைத் தொகுதிகளையும் பாருங்கள். கணினியில் தேடும்போது ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல்லையும் போடுங்கள். சண்முகம் என்ற பெயரை ரோமன் எழுத்தில் பலவிதமாக எழுதுவார்கள். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். (பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாளக் கார்டில் வேறு பெயர் என்று அலைந்தவர்கள்தானே நாம்!)

கட்டுரைக்குப் பணம் கேட்டால், எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். பலர் கொடுப்பார்கள். கையில் கிடைத்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். அடுத்துத் தேட வேண்டிய கட்டுரைகளின் பெயர்கள் அங்கேதான் இருக்கும்.