மனமும் மரக்கறியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

  

இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நாம் மருத்துவம் பேச முற்பட்டது துணிவே. எனினும், பட்டறிவு பேசத் தூண்டுகின்றது.

மரக்கறியே உண்டுவந்த நாம், நேர்ந்துகொண்டதொரு நோன்பின் பொருட்டுப் பாலையும் தயிரையும் துறந்தோம். உள்ளம் தெளிந்ததென முதலில் மகிழ்ந்தோம். ஆண்டுகள் சில சென்றன. கூட்டல் தவறியது, பழகியவர் பெயர் மறந்தது, காரணமின்றிச் சினமும் சோர்வும் சூழ்ந்தன, பாதங்கள் மரத்தன. உடன் பணிபுரிவோர் சோம்பல் என்றனர். வீட்டார் ஊர்க்கவலை என்றனர். நாமோ நம்மையே நொந்துகொண்டோம். குருதியைச் சோதித்த மருத்துவர், பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைந்துள்ளது என்றார்.

அச்சத்தை ஆக்குவன நுண்ணுயிர்களே. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் அஃது உண்டு. நாம் உண்ணும் காய்கனிகளில் இல்லை. ஈரல் அதனைச் சேமித்து வைத்திருத்தலால், குறை வெளிப்பட ஆண்டுகள் ஆகும்.

அங்ஙனமாயின் தாவர உணவு தாழ்ந்ததோ? அன்று. அதற்கு இந்நகரமே சான்று. 1928-இல் இங்கிலாந்தினின்று பம்பாய்க்கு வந்த லூசி வில்சு என்னும் பெண் மருத்துவர், ஆலைத் தொழிலாளரான கருவுற்ற மகளிரின் குருதிச் சோகையை ஆராய்ந்தார். ஈசுட்டுச் சாறாகிய மார்மைட்டு அந்நோயைத் தீர்த்ததை 1931-இல் வெளியிட்டார். அதனுள் இருந்த சத்தே 1941-இல் பசலை இனக் கீரையினின்று பிரித்தெடுக்கப்பட்டு, இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இது குறையினும் மனம் சோர்தல் உண்டு. கீரையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவோர், அச்சத்திற் பெரும்பகுதியையும் கொட்டிவிடுகின்றனர்!

ஒன்று நினைவிற் கொள்க. ஃபோலிக் மாத்திரையை மட்டும் உண்டால் சோகை மறையலாம். பி12 குறைவால் நரம்பிற்கு நேரும் கேடோ உள்ளே தொடரும். ஆதலின் இரண்டையும் சோதித்தறிதல் நன்று.

மனத்துயர் அனைத்தும் உணவால் விளைவது அன்று. மரக்கறி உணவு மனநோயைத் தரும் என்றோ தீர்க்கும் என்றோ ஆய்வாளர் ஒருமுகமாய் உரைக்கவுமில்லை. ஆயினும், இல்லத்து முதியவர் மறதியுற்று மூலையில் ஒடுங்கினால், ‘வயதாயிற்று’ என்று விட்டுவிடாதீர். சோர்வைக் குணக்குறை என்று கொள்ளாதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஊசி மருந்தால் சில திங்களில் நாம் தெளிவுற்றோம். நோன்பைக் கைவிட்டோமில்லை, நுண்ணுயிரால் ஆக்கிய மாத்திரையே இன்று நமக்குத் துணை. கூட்டலும் இப்போது தவறுவதில்லை!