மடியில் இருந்த கத்தி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இன்றைய தினம் நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைச் செயலாளர் தம்பியிடம் தொலைபேசியிலே சொன்னபோது, "பக்தியைப் பற்றித்தானே ஐயா?" என்று கேட்டார். "இல்லைத் தம்பி, கத்தியைப் பற்றி" என்றேன். சற்று நேரம் மறுபக்கத்திலே பேச்சு மூச்சில்லை. சமய மேடையிலே கத்திக்கு என்ன வேலை என்று உங்களில் சிலரும் நினைக்கலாம். சரசுவதி பூசையன்று கத்திக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிறவர்கள் நாம்தாமே! நான் சொல்லவந்தது போர்க்களத்துக் கத்தியைப் பற்றியன்று. நம்முடைய பாட்டன்மாரும் தகப்பன்மாரும் மடியிலே செருகிக்கொண்டு திரிந்த சின்னஞ்சிறு வில்லுக்கத்தியைப் பற்றியது.

என் தகப்பனார் எட்டியாந்தோட்டைக்கு அருகே ஒரு றப்பர்த் தோட்டத்திலே வேலை செய்தவர். அவருடைய இடுப்பிலே எப்போதும் ஒரு வில்லுக்கத்தி இருக்கும். மடித்தால் ஒரு விரல் நீளம், பிடி மாட்டுக்கொம்பு. காலையில் அது பாக்குச் சீவும். மத்தியானத்தில் பலாக்கொட்டையின் தோலை உரிக்கும். காலில் ஏறிய முள்ளை எடுக்கும். அரிசிச் சாக்கின் தையலைப் பிரிக்கும். மாலையில் எங்களுடைய பென்சிலைச் சீவும். மாரியம்மன் திருவிழா வந்தால் தோரணத்துக்குக் குருத்தோலை கிழிப்பதும் அதுதான். லயத்திலே ஒரு சாவு விழுந்தால் பாடை கட்டுகிற கயிற்றை அறுப்பதும் அதுதான். பிள்ளை பெற்ற வீட்டிலே தாயின் தலைமாட்டில் இரும்பு இருக்கவேண்டும் என்று கிழவிகள் கேட்டால், சில நாட்களுக்கு அது அங்கே போய்விடும். அந்த நாட்களில் அப்பா பாக்கைப் பல்லாலே கடித்துக்கொள்வார்.

மலைக்குக் கொண்டுபோகிற கத்திகள் வேறு. தேயிலைக்குக் கவ்வாத்துக் கத்தி. றப்பருக்குப் பால்வெட்டுக் கத்தி. என் தாயார் பால்வெட்டுக்காரி. விடியுமுன்னே போகவேண்டும், வெயில் ஏறிவிட்டால் பாலின் ஓட்டம் குறைந்துவிடும். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்த்து வெட்டினால்தான் பால் நாளங்கள் அதிகமாக அறுபடும். சீவுகிற பட்டை ஒன்றரை மில்லிமீற்றர் கனத்துக்குமேல் போகக்கூடாது. உள்ளே மரத்தையொட்டி ஒரு மில்லிமீற்றராவது பட்டையை விட்டுவைக்கவேண்டும். அதையும் தாண்டிக் கத்தி இறங்கினால் மரம் புண்ணாகி முண்டு விழுந்துவிடும். அளவுகோல் இல்லாமல், அரை இருட்டிலே, ஒரு காலைக்குள் இருநூறு முந்நூறு மரங்களில் இந்தக் கணக்கைப் பார்த்த கைகள் அவை. இதைச் சாதாரணக் கூலிவேலை என்று எழுதிவைத்தவர்கள் ஒரு மரத்தையேனும் வெட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஆனால் அந்தக் கத்தி எங்கள் தோட்டத்திலே கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் இருந்த கத்தி. தொலைத்தால் சம்பளத்திலே பிடித்துக்கொண்டார்கள். லயத்துக் காம்பரா தோட்டத்தினுடையது, மரம் தோட்டத்தினுடையது, காலடி மண்ணும் அப்படியே. யாருடைய புத்தகத்திலும் ஏறாமல், "இது என்னுடையது" என்று என் தகப்பனார் சொல்லக்கூடிய இரும்பு ஒன்றே ஒன்றுதான். அது மடியில் இருந்தது. நான் பழங்கத்திகளைச் சேர்ப்பதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு இதைவிட வேறு விடை என்னிடம் இல்லை.

கத்திக்கும் நமது சப்ரகமுவ மண்ணுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவப் பகுதியிலே, மலைச்சரிவுகளில் உலை வைத்து, தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு முன்னோர் இரும்பு உருக்கினார்கள். கில் ஜூலெஃப் என்னும் ஆங்கிலேய அம்மையார் அவ்வுலைகளைத் தோண்டி ஆராய்ந்தார். அதேபோன்ற உலையைக் கட்டி எரித்தும் பார்த்து, 1996ஆம் ஆண்டு 'நேச்சர்' என்ற விஞ்ஞான ஏட்டிலே எழுதினார். கிறிஸ்துவுக்குப் பின் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை நடந்த தொழில் அது. நல்ல உருக்கும் அந்த உலைகளில் கிடைத்திருக்கிறது. ஆடி மாதத்திலே நமது கூரைத் தகரத்தைப் பிடுங்குகிற அதே காற்றுத்தான்!

பிற்காலத்திலே கண்டி இராச்சியத்துக் கம்மாளர்கள் 'பிஹிகெத்த' என்னும் அழகிய கத்தியைச் செய்தார்கள். அலகின் முதுகிலே வெள்ளியும் பித்தளையும் பதித்து, கொம்பிலோ தந்தத்திலோ பிடி போட்டு, இடுப்பிலே செருகுவார்கள். சில கத்திகளின் உறையிலே எழுத்தாணிக்கும் ஓர் இடம் உண்டு. நம் தமிழ்ப் புலவர்கள் மடக்கெழுத்தாணி வைத்திருந்தார்கள் அல்லவா? பிடிக்குள்ளே மடங்குகிற எழுத்தாணி. அதனோடு ஓலை நறுக்க ஒரு சிறு கத்தி. மேனாட்டிலே இறகைச் சீவ வைத்திருந்ததனால் பேனாக்கத்தி என்று பெயர் வந்தது. நாம் ஓலைக்கு வைத்திருந்தோம். எங்கே எழுத்து இருந்ததோ அங்கெல்லாம் பக்கத்திலே ஒரு சிறு கத்தியும் இருந்திருக்கிறது.

இந்தக் கைவினைகளையெல்லாம் ஊர் ஊராகத் தேடிக் குறித்து 1908ஆம் ஆண்டு பெருநூலாக வெளியிட்டவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கொழும்பிலே பிறந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். அவர் 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராக இலங்கை முழுவதும் சுற்றினார். தோரியனைற்று என்னும் கனிப்பொருள் வெளிப்பட்டதும் பலாங்கொடைப் பகுதியிலேதான், 1904இலே. கல்லைத் தேடிவந்த மனிதர் கம்மாளனின் பட்டறையையும் எட்டிப் பார்த்தார். அவர் பார்த்த காலத்திலேயே அந்தத் தொழில் மங்கத் தொடங்கிவிட்டது; ஷெபீல்டு நகரத்துக் கத்திகள் கப்பலேறி வந்துகொண்டிருந்தன. என் தகப்பனாருடைய கத்தியும் வெளிநாட்டுச் சரக்குத்தானா, உள்ளூர்க் கொல்லன் செய்ததா என்று இன்று பார்த்துச் சொல்ல வழியில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

1982ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. அடுத்த காம்பராவில் இருந்த தாத்தா குடும்பத்துக்கு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா போக ஒழுங்காயிற்று. தலைமன்னாருக்கு ரெயில் ஏறவேண்டும். அங்கிருந்து இராமானுஜம் கப்பல். ஆட்டை விற்றார்கள், அம்மியை யாருக்கோ கொடுத்தார்கள். கப்பலிலே சோதித்துக் கத்தியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். போகிற அன்று காலை என்னைக் கூப்பிட்டு, "வச்சுக்கடா பேராண்டி, வெரலு பத்திரம்" என்று தம்முடைய வில்லுக்கத்தியைத் தந்துவிட்டுப் போனார்.

மறு ஆண்டு ஜூலை. என்ன நடந்தது என்று இந்தச் சபையிலே வயதானவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1981இலே இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்கள் பட்ட பாட்டையும் அவர்கள் அறிவார்கள். லயங்களைச் சோதிக்க வருகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. தமிழனுடைய வீட்டிலே கத்தி இருந்தால் அது ஆயுதம். அன்றிரவு அப்பா களனி கங்கைக் கரைக்குப் போய்த் தம்முடைய கத்தியை ஆற்றிலே எறிந்துவிட்டு வந்தார். அதன்பின் அவர் வில்லுக்கத்தி வாங்கவேயில்லை. வெற்றிலை போடும்போது கை தானாக மடிக்குப் போகும். பிறகு சும்மா திரும்பிவரும். நான் தாத்தாவின் கத்தியை மாட்டுக்கொட்டிலின் கூரையிலே ஒளித்துவைத்திருந்தேன்; அது அவருக்குத் தெரியாது. பல வருஷங்கள் கழித்துக் காட்டினேன். அப்பா திட்டவில்லை. வாங்கி, விரித்து, நகத்திலே கூர் பார்த்து, மடித்துத் தந்தார்.

வாலிப நண்பர்களே, கத்தியை ஆயுதமாக்கியவர்கள் வெளியார் மட்டும் அல்லர் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சம்பள நாளிலே கள்ளுத்தவறணை வாசலில் நம்மவர் நம்மவரையே கிழித்த கதை எந்தத் தோட்டத்திலே இல்லை? ஜப்பானிலே ஹிகோனோகாமி என்று ஒரு மடக்குக் கத்தி உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவச் சட்டைப்பையிலே வைத்திருப்பார்கள். 1960ஆம் ஆண்டு அங்கே ஒரு கட்சித் தலைவரை 17 வயது வாலிபன் ஒருவன் மேடையிலேயே குத்திக் கொன்றான். குத்தியது வேறு வகைக் கத்தி. ஆயினும் பிள்ளைகள் கையிலே கத்தி வேண்டாம் என்ற இயக்கம் நாடெங்கும் பரவி, அந்தச் சின்னக் கத்தி பைகளிலிருந்து மறைந்துபோயிற்று. ஒருவன் கை தவறினால் எத்தனை பேருடைய மடி வெறுமையாகிறது, பாருங்கள். ஆகையால் இளைஞர்கள் பஸ்ஸிலும் கடைவீதியிலும் கத்தியோடு திரியவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேவையும் இல்லை, சட்டத்தின் கண்ணும் அதன்மேல் உண்டு. வீட்டிலும் தோட்டத்திலும் வேலைக்கு எடுங்கள்; வேலை முடிந்தால் மடித்து வையுங்கள். அப்பா ஒருநாளும் திறந்த கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார். கீழே வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்ளவேண்டும்.

இனி, சேர்ப்பது. என்னிடம் இப்போது 23 இருக்கின்றன. வில்லுக்கத்திகள், தவறணையிலே ஒட்டுக்கட்டுகிறவர் வைத்திருந்த மடக்குக் கத்தி, தேய்ந்து பிறை போலாகிவிட்ட ஒரு கவ்வாத்துக் கத்தி, மூன்று பாக்குவெட்டி. பழைய இரும்புக்காரனிடம் கிலோக் கணக்கிலே வாங்கியவையும் உண்டு. அவற்றைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தம். யாருடைய கத்தி என்று அவற்றுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு கத்தி கிடைத்தால் அதை வைத்திருந்தவர் பெயர், தோட்டம், டிவிஷன், என்ன வேலைக்கு எடுத்தார் என்பதை ஒரு துண்டிலே எழுதிக் கட்டிவையுங்கள். இரத்தினபுரியிலே ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இரும்புக்கு இது ஆகாத ஊர். தோல் உறையிலே வைத்து மூடாதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். தேங்காயெண்ணெய் நாளாவட்டத்திலே காறிப்போகும். தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகப் பூசினால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவேண்டாம். அந்தக் கறுப்பு, வெற்றிலைக் கறையும் கைவியர்வையும் சேர்ந்து ஏறியது.

கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்திலே 2007ஆம் ஆண்டு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகம் ஒன்றை ஆரம்பித்தார்கள். லயத்துக் காம்பராக்களையே காட்சிச்சாலையாக்கி, நம்மவர் புழங்கிய பொருள்களை வைத்திருக்கிறார்கள். சங்கம் ஒரு பஸ் பிடித்து வாலிபர்களை அங்கே அழைத்துச் செல்லவேண்டும் என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மண்டபத்தின் பின்புறம் மேசையிலே என் கத்திகளை விரித்து வைத்திருக்கிறேன். சிறுவர்கள் தொடாமல் பார்க்கலாம். பெரியவர்கள் எடுத்துப் பார்க்கலாம். அந்தத் தேய்ந்த கவ்வாத்துக் கத்தி காவத்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது என்பது மட்டுந்தான் எனக்குத் தெரியும். பிடியிலே மூன்று கோடு வெட்டியிருக்கிறது. அந்த அடையாளத்தை யாராவது அறிந்தவர்கள் இருந்தால், தேநீர் வேளையிலே வந்து என்னிடம் சொல்லுங்கள்.