தோளும் வெயிலும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில், எலும்பு மருத்துவரான பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



‘எலும்பைப் பற்றி ஏதாவது பேசு, பயமுறுத்தாமல் பேசு’ என்றார் செயலாளர். காலையிலிருந்து வாசலில் நின்று கவனித்தேன். பழைய சிநேகிதனைக் கண்டதும் ‘டேய்!’ என்று கை தூக்குகிற எங்கள் செட் ஆட்களில் பலருக்குக் கை காதுக்கு மேலே ஏறவில்லை. சரி, தோள்பட்டையையே பேசிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் பந்து பெரிசு, கிண்ணமோ தட்டை. சின்னத் தட்டில் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி. பழம் உருண்டு விழாமல் பிடிப்பவை சுற்றியுள்ள நான்கு தசைகள். அவற்றின் நார்கள் மேற்கை எலும்பின் தலையில் வந்து ஒட்டுகின்றன. ஒட்டுகிற இடம் கெட்டியாக இருக்க வேண்டாமா? சுவர் பொரிந்திருந்தால் ஆணி நிற்காது. கிழிந்த நாரைத் தைக்கப் போகும்போது எங்களுக்கு வருகிற கஷ்டமும் இதுதான்.

அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு கால்சியம். சாப்பாட்டிலுள்ள கால்சியத்தைக் குடல் நன்றாக உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அது குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கடன் வாங்கும். ரொம்பவும் குறைந்தால் எலும்பு வலிக்கும், இடுப்புத் தசையும் தோள் தசையும் சோர்ந்து போகும். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாது, பரணிலிருந்து ஒரு பாத்திரம் எடுக்க முடியாது. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று வீட்டிலே சொல்லிவிடுவார்கள்.

1919-ல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், எலும்பு வளைந்த குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கொளி காட்டிக் குணம் கண்டார். ஒரு கைக்கு மட்டும் ஒளி காட்டினாலும் மற்றக் கை எலும்பும் தேறியது. ஆக, தோலில் உண்டாகிற ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது என்று புரிந்தது.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் இது எப்படிக் குறையும்? வீடு, பஸ், ஆபீஸ் என்று நிழலிலேயே வாழ்கிறோம். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. ‘டாக்டர், தினமும் ஆறரை மணி இளவெயிலில் நடக்கிறேனே’ என்பார்கள். நடை நல்லதுதான், ஆனால் அந்த நேரத்து வெயிலில் வேண்டிய கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிறதா? அதுதான் நேரம். கருத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். அதற்காகக் கத்திரி வெயிலில் மயங்கி விழச் சொல்லவில்லை. முட்டை மஞ்சள் கருவிலும் மத்தி மீனிலும்கூட ஓரளவு உண்டு.

இப்போது சொல்ல வந்த விஷயம். எங்கள் வகுப்பு நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், தோள் வலிக்குச் சோதித்ததில் வைட்டமின் குறைவு. ஒரு மில்லி ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்பது பொதுவான கணக்கு. 60,000 யூனிட் மாத்திரை, வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இவர் அதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் விழுங்கிவிட்டார். வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம். என்னிடம் வந்தபோது ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கம், சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. ‘சத்து மாத்திரைதானேடா, என்ன செய்யும்?’ என்று கேட்டார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். வீட்டம்மா இன்னும் என்னிடம் அந்த நாட்களைப் பற்றிப் பேசுவதில்லை.

அதிகமாகச் சாப்பிட்டால் அதிகப் பலம் என்பதும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் எலும்பு முறிவதும் கூடத்தான் செய்தன. 2010-ல் வந்த முடிவு அது. அமெரிக்காவில் 25,000 பேருக்கு மேல் சேர்ந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. குறைவு இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லோருக்கும் தினம் 2,000 யூனிட் கொடுத்ததில் எலும்பு முறிவு குறையவில்லை. குறைவு உள்ளவருக்கு மருந்து; இல்லாதவருக்குச் செலவு.

இன்னொன்று. எல்லாத் தோள் வலியும் வைட்டமின் வலி அல்ல. கை இறுகி, சட்டை மாட்ட முடியாமல் போகிறதே, அவர்களில் பலருக்கு இருப்பது சர்க்கரை. நண்பருக்கும் அதுதான் இருந்தது. வைட்டமின் மேல் பழி போட்டதில் ஆறு மாதம் வீணாகிவிட்டது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, சுவரில் விரலால் ஏணி ஏறுகிற பயிற்சி கொடுத்தோம். இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். போன மாதம்தான் கை காதைத் தாண்டியது.

மேலும் கேள்வி இருந்தால் பந்தியில் கேளுங்கள். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.