விண்ணில் ஒரு பொதுக் குடியிருப்பு

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



வானம் தெளிந்த மாலைகளில், பொழுதுபட்டு ஒரு மணி நேரத்துக்குள், வங்காலைக் கரையிலோ அரிப்புக் கரையிலோ நின்று பார்ப்போமாயின், சில நாட்களில் மேற்கேயிருந்து பெரிய வெள்ளி ஒன்று கிளம்பிச் சத்தமின்றிக் கிழக்கு நோக்கி நடந்து போவதைக் காணலாம். ஆகாய விமானமாயின் சிவப்பும் பச்சையுமாக விளக்கு மினுங்கும். இதற்கு அந்த மினுக்கம் இல்லை. நான்கைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். சில வேளை நடுவானிலேயே, விளக்கை அணைத்தாற்போல் மறைந்தும் போகும். பூமியின் நிழலுக்குள் அது நுழைந்துவிட்டது என்பதே அதன் பொருள். நமக்கு இருட்டிவிட்டாலும் 400 கிலோமீற்றர் உயரத்தில் இன்னும் வெயில் எறிக்கிறது. அந்த வெயில் பட்டே அது ஒளிர்கிறது. அதற்குள்ளே மனிதர் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி முதற்கொண்டு அது ஒரு நாளேனும் ஆளில்லாமல் இருந்ததில்லை.

சர்வதேச விண்வெளி நிலையம் என்பது அதன் பெயர். 1998இல் முதற் பகுதியை ஏற்றினார்கள். பின்பு பகுதி பகுதியாக ஏற்றி வானத்திலேயே பொருத்தினார்கள். இன்று அதன் நிறை 400 தொன்னுக்கு மேல். நீளம் 109 மீற்றர். 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி வருவதால், அங்குள்ளோர் ஒரு நாளில் 16 தடவை சூரிய உதயம் காண்கிறார்கள். சந்தியாவந்தனம் செய்வோர் அங்கே போனால் என்ன செய்வார்கள் என்பதைப் பெரியோர்களே தீர்த்துச் சொல்ல வேண்டும்.

அங்கே ஈர்ப்பு இல்லை, ஆகையால் மிதக்கிறார்கள் என்று பாடசாலைப் பிள்ளைகள் பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. அந்த உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையம் தென்னையிலிருந்து கழன்ற தேங்காய் போல ஓயாது விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் விழும்போதே செக்கனுக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் பக்கவாட்டில் ஓடுவதால், அது விழுகிற அளவுக்குப் பூமியும் வளைந்து விலகிக் கொடுக்கிறது. உள்ளே இருப்பவரும் கூடவே விழுவதால் பாரம் தெரிவதில்லை. பாரம் தெரியாத உடம்பில் எலும்பு தேய்கிறது. ஆகவே நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் தேகப்பயிற்சி செய்தே தீர வேண்டும். அங்கே தீபச் சுடர் மேல்நோக்கி எழாமல் சிறு உருண்டையாக எரிகிறது. இவற்றையெல்லாம் தரையில் நெடுநேரம் வைத்துப் பார்க்க வழியில்லை. ஆகவேதான் மேலே ஓர் ஆய்வுகூடம்.

நமக்கு மிக நெருங்கிய விஷயம் தண்ணீர். உவர்க் கிணறுகளின் நடுவே குடிநீருக்குக் குடம் தூக்கியவர்கள் இக்கூட்டத்தில் பலர் இருப்பீர்கள். அங்கேயோ கிணறே இல்லை. மூச்சில் வரும் ஈரம், வியர்வை, சிறுநீர் யாவற்றையும் சேர்த்து வடித்துச் சுத்திகரித்து மீண்டும் குடிநீராக்குகிறார்கள். 2023ஆம் ஆண்டில், நூறு பங்கு நீரில் 98 பங்கைத் திரும்பப் பெறும் நிலையை எட்டினார்கள். முகம் சுளிப்போர் சுளிக்கலாம். அந்த நீர் நம்மிற் பலர் குடிக்கிற நீரிலும் சுத்தமானது.

இனி நம் பக்கத்து மனிதர்களைச் சொல்வோம். 1984ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்திய விமானப்படையைச் சேர்ந்த ராகேஷ் சர்மா, சோவியத் நாட்டின் சல்யூட்-7 நிலையத்தில் ஏறக்குறைய ஏழு நாட்கள் தங்கினார். பாரமற்ற நிலையில் யோகாசனம் உடம்புக்கு உதவுமா என்றும் சோதித்தார். அதன்பின் நாற்பத்தோராண்டு கழித்து, 2025 யூன் மாதத்தில் சுபான்ஷு சுக்லா சர்வதேச நிலையத்துக்குப் போனார். போலந்து, ஹங்கேரி நாட்டவர் இருவரும் அவரோடு போனார்கள். தலைமை தாங்கியவர் பெகி விட்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. சுக்லா அங்கே பயறும் வெந்தயமும் முளைக்க வைத்தார். நம் வீட்டில் ஈரத்துணியில் கட்டி வைக்கிற அதே பயறுதான்.

இலங்கையர் எவரும் அங்கு தங்கியதில்லை. ஆனால் இலங்கையின் கைவேலை ஒன்று அந்த வீட்டு வாசலால் வெளியே போயிருக்கிறது. யப்பானின் கியூஷூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா என்னும் இரு இலங்கையர், ஏறக்குறைய ஒரு கிலோ நிறையுள்ள சிறு செயற்கைக்கோளைச் செய்தார்கள். ஒரு கையில் அடங்கும் பெட்டி அது. இராவணா-1 என்று பெயர். 2019 ஏப்ரல் 17இல் அமெரிக்காவிலிருந்து சரக்குக் கலத்தில் ஏறி நிலையத்தை அடைந்தது. அடுத்த சில நாட்களில், ஏப்ரல் 21இல், நாட்டில் நேர்ந்த குண்டுவெடிப்புகளின் துயரத்தில் அச்செய்தி பலர் காதில் நிற்காமலே போயிற்று. யூன் 17இல், நிலையத்தில் யப்பானியர் கட்டிய கீபோ என்னும் கூடத்தின் வாசலால், நேபாளத்தின் கோளோடும் யப்பானின் கோளோடும் சேர்த்து, வில்லுக்கம்பியின் விசையால் அதை வெளியே தள்ளிவிட்டார்கள். அவ்வளவு தாழ்ந்த உயரத்தில் காற்றின் உராய்வு சிறிது உண்டு. ஆகையால் 2021இல் அது இறங்கி எரிந்து போனது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இராவணனின் புட்பக விமானத்தை எண்ணிப் பெயர் வைத்தார்கள் போலும். ஆனால் கதைப்படி அந்த விமானம் குபேரனுடையது; இராவணன் பறித்துக்கொண்டது. இராவணா-1 எவரிடமும் பறித்ததன்று. அயலவன் வண்டியில் இடம் கேட்டுப் போனது. சிறு நாட்டுக்கு வழி அதுதான். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்பதே நாம் ஆழ்ந்து பார்க்க வேண்டியது. அமெரிக்கா, உருசியா, ஐரோப்பிய நாடுகள், யப்பான், கனடா என்று 15 நாடுகள் கூடி நடத்துகின்றன. மேலிருந்து பார்த்தால் நாட்டெல்லை தெரிவதில்லை, ஆகவே மனிதர் ஒன்றுபட்டுவிட்டார்கள் என்று மேடையில் பேசுவது எளிது. நாம் அப்படிப் பேச மாட்டோம். நிலையத்துக்குள்ளேயே உருசியப் பகுதி, அமெரிக்கப் பகுதி என்று எல்லை உண்டு. மின்சாரத்தின் பெரும்பகுதி அமெரிக்கப் பகுதியின் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. தாழ்ந்து வரும் நிலையத்தை மேலே தள்ளும் வேலையைப் பெரும்பாலும் உருசியரின் எந்திரங்கள் செய்கின்றன. ஒருவரை விட்டு ஒருவர் நிற்க முடியாதபடியே கட்டியிருக்கிறார்கள். நமது நானாட்டான் பக்கத்து வயல்கள் காட்டுக்கரைக் குளத்தை நம்பியவை. தலைவாய்க்கால்காரனும் கடைவாய்க்கால்காரனும் உறவாடாதிருக்கலாம். ஆயினும் காலபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு இருவரும் வந்தே ஆக வேண்டும். அதுவும் இத்தகையதே.

இதற்குச் சோதனை 2022இல் வந்தது. பெப்ரவரியில் உக்ரேனில் யுத்தம் மூண்டு, தரையில் வல்லரசுகள் முகம் பார்க்காமலிருந்த காலம். அவ்வாண்டு செப்டெம்பரில் அமெரிக்கரான பிராங்க் ரூபியோ, புரோகோப்யெவ், பெத்தேலின் என்னும் இரு உருசியரோடு உருசிய ஓடத்தில் நிலையத்துக்குப் போனார். டிசெம்பரில் அந்த ஓடத்தின் குளிரூட்டு நீர் கசிந்து வெளியேறிற்று. அதில் திரும்பி வருவது ஆபத்தாயிற்று. அவசரம் நேர்ந்தால் ரூபியோ தப்பிச் செல்ல, அவரது இருக்கை அமெரிக்க ஓடத்துக்கு மாற்றப்பட்டது. பெப்ரவரியில் உருசியா ஆளில்லாத வேறோர் ஓடத்தை அனுப்பியது. ஆறு மாதத்தில் திரும்ப வேண்டிய மூவரும் 371 நாட்கள் தங்கி, 2023 செப்டெம்பர் 27இல் ஒன்றாகவே கசகஸ்தானில் இறங்கினார்கள். யுத்தம் நிற்கவில்லை. நிலையமும் நிற்கவில்லை. அதற்கு மேல் அந்நிலையத்துக்குப் புகழ் சேர்க்க நாம் விரும்பவில்லை. அமெரிக்காவின் 2011ஆம் ஆண்டுச் சட்டமொன்று சீனரோடு கூடி வேலை செய்வதைத் தடுத்ததும், சீனர் தமக்கெனத் தியாங்கொங் நிலையத்தை 2021 முதல் கட்டிக்கொண்டதும் இதே காலத்துச் செய்திகளே.

இவ்விஷயத்தில் இலங்கைக்குப் பழைய சொந்தமும் ஒன்று உண்டு. 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இந்நாட்டில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1945இலேயே வானொலிச் செய்திகளைக் கடத்தும் விண்வெளி நிலையங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவற்றில் மனிதர் குடியிருப்பர், ரொக்கெற்றுகள் உணவு கொண்டுபோகும் என்றும் எழுதியிருந்தார். செய்தி கடத்தும் வேலைக்கு மனிதர் தேவைப்படவில்லை. குடியிருப்பு வேறு காரியத்துக்காக வந்தது.

இப்போதைய திட்டப்படி, 2030க்குப் பின் நிலையத்தைப் பசிபிக் சமுத்திரத்தின் ஆளில்லாப் பகுதியில் இறக்கிவிடுவார்கள். இராவணா-1 போன வாசல் அத்தோடு மூடப்படும். இந்தியா 2035 அளவில் தன் நிலையத்தைக் கட்ட எண்ணியிருக்கிறது. சீனரோ, ஐக்கிய நாடுகள் சபையின் வழியாக எல்லா நாடுகளிடமும் ஆய்வுத் திட்டங்கள் கேட்டு, 2019 யூனில் 17 நாடுகளைச் சேர்ந்த ஒன்பது திட்டங்களைத் தெரிந்தெடுத்தார்கள். அப்பட்டியலில் இந்தியா இருந்தது. கெனியாவும் பெருவும் இருந்தன. இலங்கை இல்லை. உயர்தர வகுப்பில் கணிதமும் பௌதிகமும் படிக்கும் நம் பிள்ளைகள் அப்பட்டியலைத் தேடி எடுத்து, கெனியர் என்ன கேட்டார்கள், பெருவியர் என்ன கேட்டார்கள் என்று பார்த்து, அடுத்த மாதக் கூட்டத்தில் நமக்குச் சொல்வார்களாக.